நாற்பது நிமிடம் என்று எழுதினேன்

போன வருடம் மாசி மாதம். இடம், யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்யும் நாளிதழ் அலுவலகத்தின் இரண்டாம் மாடி. மற்றவர்களின் அனுபவங்களை வாசித்து, பிழை திருத்தி, நீளத்தைக் குறைத்து அச்சுக்கு அனுப்புவது பத்தொன்பது வருடங்களாக என் வேலை. என்னுடைய அனுபவத்தை எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளம் கூடினால் தாராளமாக வெட்டலாம், கோபிக்க மாட்டேன்.

எங்கள் ஞாயிறு இணைப்பிதழில் நூல் விமர்சனமும் நாடக விமர்சனமும் என் பொறுப்பு. தொழில்நுட்பப் பக்கத்தை எழுதிவந்த இளைஞர் அந்த மாதம் கனடாவுக்குப் போய்விட்டார். அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. ஒரு வியாழக்கிழமை காலை ஆசிரியர் என் மேசைக்கு வந்தார்.

"கரவெட்டியிலை ஒரு பிள்ளை மூண்டு வருசமாய் இருந்து வீடியோ கேம் ஒண்டு செய்திருக்கிறாளாம். வெளிநாட்டிலை எல்லாம் நல்லாய் எழுதியிருக்கினம். எங்கடை பேப்பரிலை ஒரு வரி வரேல்லை. நீர் ஒருக்கா விளையாடிப் பாத்து எழுதுமன்."

"நான் ஒருநாளும் உதுகள் விளையாடினதில்லை, சேர்."

"நீர் நாடகமும்தான் நடிச்சதில்லை."

விளையாட்டை என் மடிக்கணினியில் இறக்கிக்கொண்டேன்.

விளையாடுவதற்கு முன் வெளிநாட்டு விமர்சகர்கள் எழுதியவற்றை இணையத்தில் தேடி வாசித்தேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் தொடங்கியிருந்தார்கள். இந்த விளையாட்டு அவர்களுக்குத் தங்கள் சிறுவயதை நினைவூட்டுகிறதாம். சின்னச் சதுரப் புள்ளிகளை அடுக்கி வரைந்த படங்கள், மெல்லிய கீச்சுக் குரலில் ஒலிக்கும் இசை, பக்கவாட்டில் நகரும் உலகம், அதில் தாவித் தாவிப் போகும் ஒரு சின்ன உருவம். இவையெல்லாம் அவர்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் விளையாடியவைபோல இருக்கின்றனவாம். எனக்கு அப்படி ஒரு சிறுவயது இல்லை. எங்கள் வயதுக்காரர்கள் வீடியோ கேம் விளையாட வேண்டிய வயதில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது, பள்ளிக்கூடத்தில் மனையியல் பாடத்துக்குத் தைத்த குறுக்குத் தையல்தான்.

மற்றபடி விமர்சகர்கள் ஒத்துப்போகவில்லை. பனங்கூடலுக்குப் பின்னால் பொழுது இறங்கும் நிறத்தை ஒருவர் அரைப் பக்கத்துக்குப் புகழ்ந்திருந்தார். எங்கே போவது என்று விளையாட்டு சொல்வதே இல்லை, நாமே தேடிக் கண்டுபிடிப்பதுதான் இன்பம் என்று இன்னொருவர். அதையே குறையாகச் சொல்லிப் புள்ளியைக் குறைத்திருந்தார் மூன்றாமவர். நிலத்துக்கு அடியில் மூன்று நாள் வழி தெரியாமல் அலைந்தேன் என்று எழுதியிருந்தார் நான்காமவர்.

மூன்று நாளா? 'மிகைப்படுத்தல்' என்று என் குறிப்பேட்டில் எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். எதற்கும் கேள்விக்குறி போடப் பழகியவள் நான். அந்தக் குறியை அவர்மேல் போட வேண்டுமா, என்மேல் போட வேண்டுமா என்பதுதான் அன்று தெரியவில்லை.

விளையாட்டின் கதை எங்களுக்குப் பழக்கமானது. ஒரு ஊரில் கிணறுகள் ஒவ்வொன்றாக உப்பாகின்றன. நல்ல தண்ணீர் எங்கே போய்விட்டது என்று தேடி, கையில் ஒரு வாளியோடு ஒரு பெண்பிள்ளை புறப்படுகிறாள். பனையோலை வேலி பாய வேண்டும். வெங்காயப் பாத்தி மிதிபடாமல் வரம்பில் ஓட வேண்டும். முட்ட வரும் கடாவுக்கு விலக வேண்டும். ஒரு கிணற்றில் தண்ணீர் இறைக்கும் துலாவில் தொங்கி மறுபக்கம் தாவ வேண்டிய இடத்தில் நான் பதினொரு தடவை விழுந்தேன். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து, "என்னக்கா, வேலை செய்யிறீங்களோ, சத்தம் போடுறீங்களோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் ஒரு கிணற்றில் அவளுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் கிடைக்கிறது. அதை ஊர்க் கோயிலுக்குக் கொண்டுபோகிறாள். ஐயர் வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார். மூலஸ்தானத்துக்கு முன்னால் சிவப்புத் திரைச்சீலை இழுத்து மூடப்படுகிறது. இசை நின்றுவிடுகிறது.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. இருந்த பொத்தான்கள் எல்லாவற்றையும் அமத்தினேன். பெண் இடப்பக்கம் நடந்தாள், வலப்பக்கம் நடந்தாள், கோயிலுக்குள் நின்று குதித்தாள். வெளிவாசலும் சாத்தியிருந்தது. நேரத்தைப் பார்த்தேன். தொடங்கி நாற்பது நிமிடம். தண்ணீர் தேடிப் போனவள் தண்ணீர் கண்டாள், கோயிலுக்குக் கொடுத்தாள், திரை விழுந்தது. கச்சிதமான முடிவு என்று நினைத்து மடிக்கணினியை மூடிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

படங்களைப் பாராட்டினேன். பேச்சே இல்லாமல் உப்புத் தண்ணீரின் துயரத்தைச் சொல்லியிருப்பதைப் பாராட்டினேன். ஆனால் கொடுக்கிற காசுக்கு இது மிகச் சிறியது, தேடிப் பார்க்க உலகம் என்று ஒன்றே இல்லை, வெளிநாட்டார் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்று முடித்தேன். தலைப்பும் நானே வைத்தேன்: 'மூன்று வருட உழைப்பு, நாற்பது நிமிட விளையாட்டு.' அந்தத் தலைப்பில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இரண்டு எண்களும் எதிரெதிரே நிற்பது கண்ணைப் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வெளிவந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு என் மேசைத் தொலைபேசி அடித்தது.

"வணக்கம் அக்கா. நான் கரவெட்டியிலையிருந்து கதைக்கிறன். அந்த கேம் செய்தது நான்தான்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நூல் எழுதியவர்களிடம் வாங்கிய பழக்கம் உண்டு. ஆனால் அவள் குரல் சாதாரணமாக இருந்தது.

"ஒண்டு மட்டும் கேக்கலாமோ அக்கா? நீங்கள் எந்த இடத்திலை நிப்பாட்டினனீங்கள்?"

"முடிஞ்ச இடத்திலை."

"அது எந்த இடம்?"

"கோயில். திரைச்சீலை மூடினாப் பிறகு."

 மறுமுனையில் எங்கோ ஒரு சேவல் கூவியது கேட்டது.

"அது முடிவு இல்லை அக்கா. அங்கைதான் தொடங்குது."

"நான் எல்லாத்தையும் அமத்திப் பாத்தனான், பிள்ளை. ஒண்டும் நடக்கேல்லை."

"அமத்தினா நடக்காது. கையை எடுத்திட்டுப் பொறுக்கோணும். ஒரு நிமிசம். இடையிலை எதையாவது தொட்டால் திரும்ப முதலிலை இருந்து ஒரு நிமிசம். அப்பிடித்தான் செய்து வைச்சிருக்கிறன்." பிறகு அவளே என்னைத் தேற்றுவதுபோலச் சொன்னாள்: "வெளிநாட்டு ஆக்களும் முதலிலை மாட்டுப்பட்டவை அக்கா. ஒருத்தர் கோபத்திலை கோப்பி போட எழும்பிப் போயிருக்கிறார். வந்து பாத்தால் திறந்திருந்ததாம்."

"நான் திருத்தம் போடுவிக்கிறன்," என்றேன்.

"பேப்பரிலை போடுறது உங்கடை விருப்பம். எனக்கு வேறை ஒரு உதவி வேணும்." அப்போதுதான் அவள் குரல் கொஞ்சம் தளர்ந்தது. "அப்பா எங்கடை வாசிகசாலைச் செயலாளர். பேப்பரிலை வந்திட்டுது எண்டா அவருக்கு அதுக்கு மேலை ஒண்டும் இல்லை. மூண்டு வருசம் ஒண்டும் சொல்லாமல் பொறுத்தவர். இப்ப அரசாங்கக் கந்தோரிலை கிளாக்கர் வேலைக்கு எனக்கு நியமனக் கடிதம் வந்திருக்கு. ஏற்கிறனோ இல்லையோ எண்டு புதன்கிழமைக்குள்ளை எழுத்திலை குடுக்கோணும். வேண்டாமெண்டு சொல்லுவம், அடுத்த கேம் தொடங்குவம் எண்டு இருந்தனான். நேற்று உங்கடை பேப்பரை வாசிச்சிட்டு, 'நாப்பது நிமிசத்துக்கு மூண்டு வருசம் எண்டா, உன்ரை ஆயுளுக்கு எத்தினை மணித்தியாலம் வரும்?' எண்டு கேட்டார். நான் சொன்னால் நம்பமாட்டார். நீங்கள் ஒருக்கா வந்து சொல்லுவீங்களோ?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். சொல்வதற்கு முன் சரிபார்க்க வேண்டும் அல்லவா? மடிக்கணினியைத் திறந்து, அதே கோயிலுக்குப் போய், திரை மூடியதும் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு தடவை கை தன்பாட்டில் போய் ஒரு பொத்தானைத் தொட்டுவிட்டது; மறுபடி முதலிலிருந்து பொறுத்தேன். அப்புறம் மணி அடித்தது. திரை விலகியது. தீபம் காட்டினார்கள். ஐயர் வெளியே வந்து அந்தப் பெண்ணின் கையில் தீர்த்தம் வார்த்தார். தீர்த்தம் குடித்தவளுக்குத் தண்ணீருக்குள் மூச்சுவிட முடிகிறது. கோயில் கேணிக் கதவு திறக்கிறது. அவள் கேணிக்குள் இறங்கினாள். நிலத்துக்கு அடியில், சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் அரித்த வழிகள் கிளை கிளையாகப் பிரிந்து போயின.

விளையாட்டின் வரைபடத்தை விரித்தேன். நான் விமர்சனம் எழுதிய பகுதி ஒரு சுண்டுவிரல் நகத்தளவு. மீதி முழுவதும் இன்னும் கால்படாமல் கறுப்பாகக் கிடந்தது.

எனக்கு வெட்கம் வந்ததற்குக் காரணம் தெரியாத்தனம் அல்ல. வெள்ளிக்கிழமை தோறும் நல்லூரில் என் வீட்டுக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் திரை மூடியதும் கால் மணித்தியாலம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் நிற்பவள் நான். திரை மூடிவிட்டது, பூசை முடிந்துவிட்டது என்று அங்கிருந்து ஒருநாளும் வீட்டுக்குத் திரும்பியதில்லை.

ஆசிரியரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விமர்சனத்துக்குத் திருத்தம் போடுறதோ? அது அபிப்பிராயம் எல்லோ."

"சின்னது எண்டு எழுதினது அபிப்பிராயம், சேர். நாப்பது நிமிசம் எண்டு எழுதினது தகவல். தகவல் பிழை."

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "சரி. ஞாயிறு அதே பக்கத்திலை, அதே அளவிலை போடும். எழுத முதல் இந்த முறை முடிச்சுப்போட்டு எழுதும்."

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் புதன்கிழமை வந்துவிடும். செவ்வாய் மத்தியானம் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு பருத்தித்துறை பஸ்ஸில் ஏறினேன்.

கரவெட்டியில் இறங்கினேன். வாசிகசாலை, சந்தியிலிருந்து ஐந்து நிமிட நடை. ஒரு அறை, ஒரு நீள மேசை, சுவரோரம் சைக்கிள்கள். அறிவித்தல் பலகையில், உரமானியப் பட்டியலுக்கும் ஒரு மரண அறிவித்தலுக்கும் நடுவில், நாலு மூலையிலும் குத்தூசி குத்தி என் விமர்சனம். 'நாற்பது நிமிட' என்பதற்குக் கீழே சிவப்புப் பேனையால் அடித்த கோடு, அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேராக இருந்தது.

மேசையில் இருவர் இருந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். எல்லோரும் மாஸ்டர் என்று அழைப்பவர். மற்றவர் தோளில் சால்வை போட்ட, தோட்டம் செய்கிற மனிதர். விரல் நுனிகளில் வெங்காயம் கிண்டிய மண் இன்னும் போகவில்லை. அவர்தான் செயலாளர், அந்தப் பெண்ணின் தகப்பன்.

"நான்தான் உந்தக் கட்டுரையை எழுதினனான், அண்ணை," என்றேன்.

அவர் எழும்பிவிட்டார். "இருங்கோ தங்கச்சி, இருங்கோ. வடிவா எழுதியிருக்கிறியள். ஆற்றையும் முகத்துக்கு அஞ்சாமல் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறியள்."

"அதுதான் இல்லை. நான் எழுதினது பிழை. அந்த விளையாட்டு நாப்பது நிமிசத்திலை முடியாது. நான் முடியமுதல் எழும்பிப்போட்டன்."

அவர் முகத்தில் இருந்த மரியாதை மாறவில்லை. ஆனால் அதற்குள் ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்தது.

"பிள்ளை போன் எடுத்தவளோ?"

"ஓம்."

"அழுதவளோ?"

"இல்லை."

"அழமாட்டாள். உவள் அழாமலே ஆக்களை மாத்திப்போடுவாள். அவளின்ரை தாயும் உப்பிடித்தான்." அவர் மறுபடி உட்கார்ந்தார். "நீங்கள் இரக்கப்பட்டு வந்திருக்கிறியள் தங்கச்சி. நல்ல மனம். ஆனால் அச்சிலை வந்தது ஒண்டு, வாயிலை வாறது ஒண்டு எண்டால் நான் எதை எடுக்கிறது?"

"ஞாயிற்றுக்கிழமை அச்சிலையும் வரும்."

"நாளைக்குப் புதன்," என்றார் மாஸ்டர், கணக்கை முடித்து வைப்பதுபோல.

பத்தொன்பது வருடம் அச்சில் வருவதை நம்புங்கள் என்று உலகத்துக்குச் சொல்லிவந்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு மனிதர் அதை அப்படியே நம்பிக்கொண்டு என் முன்னால் இருந்தார். அவரை அசைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

"அப்ப ஆரையும் நம்பவேண்டாம் அண்ணை. நீங்களே விளையாடிப் பாருங்கோ," என்றேன்.

மாஸ்டர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. "செயலாளர் போனிலை படம் எடுக்கவே தெரியாமல் தன்ரை மூக்கை எடுக்கிற ஆள்!"

"எடுத்தால் என்ன? மூக்கு வடிவாத்தான் வந்தது," என்றார் அவர்.

மகளுக்குத் தகவல் போனது. பத்து நிமிடத்தில் சைக்கிளில் வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும், ஒல்லி, முன் கூடையில் துவாயால் சுற்றிய மடிக்கணினி. என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பேப்பர்களை ஒதுக்கி இடம் செய்தாள். வேலி பாயும் பகுதியையெல்லாம் தானே ஐந்து நிமிடத்தில் ஓடிக் கடந்து, பெண்பிள்ளையைக் கோயில் வாசலில் நிறுத்தினாள். கணினியைத் தகப்பன் பக்கம் திருப்பினாள்.

"இந்த அம்புக்குறியை அமத்தினால் நடப்பாள். இது குதிக்க. அவ்வளவுதான்."

நான் அவளைக் கொஞ்சம் தள்ளி வெளியே கூட்டிப்போய், "பொறுக்கோணும் எண்டு அப்பாவுக்குச் சொல்லும்," என்றேன்.

"சொல்ல மாட்டன். நீங்களும் சொல்லாதேங்கோ."

"பொத்தானை அமத்தினார் எண்டா திறக்காதே, பிள்ளை. நாப்பது நிமிசம்தான் எண்டு முடிவாயிடும்."

"சொல்லிக் குடுத்துத் திறந்தால், அதுக்கும் ஆற்றையோ சொல்லைத்தான் அவர் நம்பவேண்டி வரும்." அவள் சைக்கிள் மணியைச் சும்மா ஒருமுறை தொட்டாள். "பாப்பம் அக்கா."

உள்ளே தகப்பன் ஒற்றை விரலால் அம்புக்குறியைத் தொட்டார், சூடு பார்ப்பதுபோல. பெண் ஓரடி வைத்தாள். அவர் விரலை இழுத்துக்கொண்டார்.

"செருப்பைக் கழட்டினவளோ?"

"கழட்டினவள் அப்பா. வாசலிலை பாருங்கோ."

நானும் பார்த்தேன். படிக்குப் பக்கத்தில் மண்ணிறத்தில் இரண்டு சின்னச் சதுரங்கள். இரண்டு தடவை அந்த வாசலைக் கடந்திருக்கிறேன். இரண்டு தடவையும் என் கண்ணில் படாத செருப்பு.

அவர் மெல்ல மெல்ல அவளை மூலஸ்தானத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஐயர் வாளியை வாங்கினார். திரை மூடியது. இசை நின்றது.

அவருடைய விரல் பொத்தானுக்கு மேலே ஒரு அங்குல உயரத்தில் இருந்தது. மகள் தகப்பனின் முகத்தைப் பார்க்காமல் பலகையில் உரமானியப் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தாள். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கையை எடுத்தார். தோளில் கிடந்த சால்வையை உருவி, இடுப்பில் சுற்றிக் கட்டினார். பிறகு இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் சேர்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "என்ன, நிண்டிட்டுது? உந்தப் பெரிய கட்டையை ஒருக்கா அமத்திப் பாரும்." சொல்லிக்கொண்டே அவர் விரல் நீண்டு வந்தது.

"மாஸ்டர், கையை எடும்!" செயலாளர் அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினார். "உள்ளை பூசை நடக்குது."

"கொம்பியூட்டருக்குள்ளை என்ன பூசை?"

"திரை மூடியிருக்கெல்லோ. திறக்குமட்டும் பொறும்."

மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தெருவில் ஒரு சின்ன உழவு இயந்திரம் வெங்காய மூட்டைகளோடு கடந்து போனது. அப்புறம் மடிக்கணினிக்குள் மணி அடித்தது. திரை விலகியது. தீபம் எழுந்தது. சதுரப் புள்ளிகளால் ஆன தீபம்தான். ஆனாலும் மாஸ்டரின் கைகள் பின்னாலிருந்து முன்னால் வந்து கூடிவிட்டன. அதை அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

"அப்பா," என்றாள் மகள். "கையை எடுக்கச் சொல்லி ஆர் சொன்னது?"

"இதுக்கும் ஒராள் சொல்லோணுமே?" என்றார் அவர். உண்மையாகவே அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. பிறகு ஐயர் தீர்த்தம் வார்ப்பதைப் பார்த்துவிட்டு, மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி. நீங்கள் தீர்த்தம் வாங்காமலோ எழும்பிப் போனனீங்கள்?"

முதலில் சிரித்தவள் மகள். பிறகு மாஸ்டர். தப்ப வழியில்லாமல் நானும்.

கேணிக் கதவு திறந்தது. பெண்பிள்ளை தண்ணீருக்குள் குதித்தாள். அதற்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம் அந்த மேசையில் நடந்ததைப்போல ஒரு விமர்சனக் கூட்டத்தை நான் எந்த மண்டபத்திலும் கண்டதில்லை. வேலைவிட்டு வந்த நாலைந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். துலாவில் கல்லுக் கட்டிய பக்கம் பிழை என்றார் ஒருவர். வெங்காயத் தாளின் பச்சை மழைக்குப் பிறகு வருகிற பச்சை, கோடைக்கு இது ஆகாது என்றார் இன்னொருவர். கடா மட்டும் அச்சு அசல் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அது யாருடைய வீட்டுக் கடா என்பதிலும் ஒத்துக்கொண்டார்கள். வெளிநாட்டு விமர்சகர்கள் யாரும் தொடாத இடங்கள் இவை. மகள் ஒவ்வொன்றையும் ஒரு சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

தகப்பன் முதற்குகையில் ஏழு தடவை பாறையில் மோதித் திரும்ப வந்தார். எட்டாம் தடவை தாண்டினார். மேசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"அப்பா, இண்டைக்கு இவ்வளவு காணும். அக்காவுக்குப் பஸ் போயிடும்."

"அவ போவா. உந்தச் சின்ன ஓட்டை எங்கை போகுது?"

"தெரியாது. நீங்களே போய்ப் பாருங்கோ."

அவர் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். மற்றவர்கள் துலாவைப் பற்றிய வழக்கில் இருந்தார்கள். அவர் மகளை மட்டும் பார்த்துக் கேட்டார்.

"நாளைக்கு என்ன செய்யப் போறாய்?"

"வேலை வேண்டாமெண்டு எழுதப் போறன், அப்பா. இன்னும் ஒண்டு செய்யோணும்."

"அது இதைவிடப் பெரிசோ?"

"பெரிசு."

அவர் இடுப்பில் இருந்த சால்வையை அவிழ்த்து மறுபடி தோளில் போட்டார். "அப்ப நேரத்தோடை தொடங்கு. கடிதத்தை எழுதித் தா, காலமை நானே கந்தோரிலை கொண்டுபோய்க் குடுக்கிறன். தபாலிலை போட்டால் பிந்திப்போம்."

அவள் ஓம் என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு, துவாயை எடுத்து இரண்டு தடவை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். மூன்று நாளாக அவள் அடக்கிவைத்திருந்தது எதுவோ அந்தத் துவாயில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிறு இதழுக்கு முன் நாலு பின்னேரம் உட்கார்ந்து விளையாடி முடித்தேன். விமர்சனத்தின் முதல் வரியிலேயே, சென்ற வாரம் எழுதியது தவறு, தவறு விளையாட்டில் இல்லை, எழுதியவரின் பொறுமையில் என்று போட்டேன். வாசிகசாலையின் விமர்சனத்தையும் சேர்த்தேன், பெயர் சொல்லாமல். அதே பக்கம், அதே அளவு. அந்தப் பலகையில் என் இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் குத்தியிருக்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன். பழையதைக் கழற்றவில்லை, சிவப்புக் கோடும் அப்படியே.

இரண்டு வாரம் கழித்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. வரி தவறாத, நிமிர்ந்த கையெழுத்து. "தங்கள் இரண்டாவது விமர்சனத்தில் நிலத்தடியில் பத்துக் குகைகள் இருப்பதாகக் குறிப்பிட்டுள்ளீர்கள். பதினொன்று உள்ளன. பதினோராவது, உப்புக் கிணற்றின் அடியில் இடதுபக்கம். நான் நேரில் போய்ப் பார்த்தேன். ஆவன செய்யவும்." கீழே வாசிகசாலையின் முத்திரையும் செயலாளரின் கையொப்பமும்.

நான் அன்றைக்கே உப்புக் கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அடுத்த ஞாயிறு ஒரு வரித் திருத்தம் போட்டோம். ஆசிரியர் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "இவரை எங்கடை பேப்பருக்கு எடுப்பமோ?" என்றார்.

இன்றும் ஒரு கட்டுரையை முடித்து அச்சுக்கு அனுப்பப் போகும்போது, நான் எழுதும் ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே நேராகக் கோடு கீறி, அதை அப்படியே நம்பி, வீட்டில் ஒரு முடிவெடுக்கப் போகிற ஒருவர் எங்கோ ஓர் அறையில் வாசித்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைவு வருகிறது. அது பயமாக இருந்த காலம் போய், இப்போது எனக்குத் துணையாக இருக்கிறது.